தென்மும்பைத் தீபகற்பத்தை ஒரே நாளில் சுற்றிக்காட்டும் முறை

மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர், முலுண்ட் என்று மும்பையின் எந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தாலும், மார்கழி, தை மாதங்களில் ஊரிலிருந்து உறவினர் வருவதும், அவர்களுக்குக் கடலைக் காட்ட ஒரு நாள் ஒதுக்குவதும் வழக்கம். பெரும்பாலும் அந்த நாள் ஒரு வாடகை வண்டிக்குள் கழிந்துவிடுகிறது. கேட்வே ஆஃப் இந்தியாவில் ஒரு படம், மரீன் டிரைவில் ஒரு படம், ஹாஜி அலியில் ஒரு படம் என்று எடுத்துக்கொண்டு, இடையில் நெரிசலில் களைத்துத் திரும்புகிறார்கள். இவை மூன்றும் கடலிலிருந்து சிறிது சிறிதாக மீட்கப்பட்ட ஒரே நிலத்தின் கரைகள் என்பதை வந்தவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லிக் காட்டும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொண்டால், அதே செலவில், அதே நேரத்தில், முற்றிலும் வேறான ஒரு நாளை உறவினருக்குக் கொடுக்க முடியும். அவ்வாறு வழிகாட்ட விரும்பும் ஒருவருக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நிலத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மாஹிமுக்கும் சயானுக்கும் தெற்கே நீண்டு கிடக்கும் நகரம், மேற்கே அரபிக்கடலும் கிழக்கே துறைமுக நீரும் சூழ்ந்த தீபகற்பமாக இன்று இருக்கிறது. முன்பு அது கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மஜகான், பரேல், வொர்லி, மாஹிம் என்னும் ஏழு தீவுகளாக இருந்தது. 1661ஆம் ஆண்டுத் திருமண உடன்படிக்கையின்படி போர்ச்சுகல் இளவரசி கேத்தரினின் சீதனமாக இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசுக்குச் சேர்ந்த இத்தீவுகளை, 1668இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்குப் பெற்றது. பிறகு தீவுகளுக்கு இடையில் ஏறி இறங்கிய கடலை அணைகட்டி நிறுத்தியும், உவர்ச் சதுப்புகளை மண்ணிட்டு மூடியும், ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளில் ஏழையும் ஒன்றாக்கினார்கள். இன்றைய வரைபடத்தில் தென்முனையைப் பார்த்தால், நண்டு தன் இரு கொடுக்குகளை விரித்து வைத்ததுபோல, கிழக்கே கொலாபாவும் மேற்கே மலபார் ஹில்லும் நீண்டிருக்க, நடுவில் பேக் பே என்னும் வளைகுடா அமைந்திருக்கும். அந்த வளைகுடாவின் ஓரத்தில் போட்ட சாலைதான் மரீன் டிரைவ். ஒரு தாளில் ஏழு தீவுகளையும் தனித்தனியாக வரைந்து, காலையில் ரயிலில் ஏறியதும் எல்லோர் கையிலும் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாம் எந்தத் தீவில் நிற்கிறோம், கடல் அன்று எங்கே இருந்தது என்னும் இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள்.

நாளைத் தேர்ந்தெடுப்பது

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே இச்சுற்றுக்கு ஏற்றவை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் கொந்தளிப்பும் இருப்பதால், முதியவர்களையும் குழந்தைகளையும் கடலோரத்தில் நாள் முழுவதும் நடத்திச் செல்வது தகாது. ஏப்ரல், மே மாதங்களின் புழுக்கத்தில் நண்பகலுக்குப் பிறகு யாருக்கும் எதையும் பார்க்கும் மனம் இராது.

மாதத்தைவிட முக்கியமானது கடலின் ஏற்றவற்றம். சென்னைக் கடற்கரையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. மும்பையிலோ ஏற்றத்தின்போது நீர்மட்டம் சில நாள்களில் 4.5 மீட்டரையும் தாண்டும். ஹாஜி அலி தர்காவுக்குச் செல்லும் நடைபாதை கடல் ஏறும்போது நீரில் மூழ்கிவிடும். ஆகவே இந்த நாளின் கடிகாரத்தைக் கடலிடமே விட்டுவிட வேண்டும். இதற்கு நம் வீட்டுத் தினசரி நாட்காட்டியே உதவும். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் மும்பையில் ஏறத்தாழ நண்பகல் 12 மணியிலிருந்து 1 மணிக்குள் கடல் உச்சமாக ஏறி, மாலை 6, 7 மணியளவில் நன்றாக வற்றும். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப் போகும். நான் கீழே சொல்லும் திட்டத்தில் ஹாஜி அலிக்கு மாலை 4 மணிக்குப் போய்ச் சேர்கிறோம். எனவே தசமி தொடங்கிப் பௌர்ணமி அல்லது அமாவாசை வரையுள்ள நாள்கள் மிகவும் பொருந்தும். சதுர்த்தியிலிருந்து சப்தமி வரையுள்ள நாள்களில் அந்த நேரத்தை ஒட்டியே கடல் ஏறி நிற்கக்கூடும் என்பதால் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. திதியைக் கொண்டு நாளை முடிவு செய்த பிறகு, அன்றைய ஏற்றவற்ற அட்டவணையைக் கைப்பேசியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். திதி தோராயமான கணக்கைத் தரும். நிமிடக் கணக்கு அட்டவணையில்தான் இருக்கும்.

கிழமைகளில் ஞாயிறு சிறந்தது. அலுவலகப் பகுதியான ஃபோர்ட் அன்று காலையில் அமைதியாக இருக்கும். கட்டடங்களை அண்ணாந்து பார்த்து நிற்க இடம் கிடைக்கும். அதே காரணத்தால் அங்குள்ள உணவகங்கள் பலவும் ஞாயிறன்று மூடியிருக்கும் என்பதால், மதிய உணவுக்கு எந்த உடுப்பி ஹோட்டல் திறந்திருக்கும் என்று முன்னாளே தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளப் பராமரிப்புக்காக லோக்கல் ரயில்களைக் குறைக்கும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கையும் மறக்க வேண்டாம். பெரும்பாலும் காலை 10 மணிக்கு மேல்தான் அது தொடங்கும். அதற்கு வெகுநேரம் முன்பே நாம் ரயிலிலிருந்து இறங்கிவிடுவோம்.

வண்டி ஏற்பாடு

ஆட்டோ ரிக்ஷாக்கள் மாஹிமுக்கும் சயானுக்கும் தெற்கே அனுமதிக்கப்படுவதில்லை. எட்டுப் பேர் வரை என்றால் இரண்டு டாக்சிகள் போதும். அதற்கு மேல் டெம்போ டிராவலர்தான் வசதி. வாடகை வண்டிகள் வழக்கமாக 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்ற கணக்கில் கிடைக்கும். விடியற்காலையிலிருந்து இரவு வரை வண்டியை வைத்துக்கொண்டால் கூடுதல் நேரக் கட்டணம் ஏறிவிடும். ஆகவே காலைப் பகுதியை லோக்கல் ரயிலிலும் டாக்சியிலும் முடித்துவிட்டு, வண்டியை 10:30 மணிக்கு ஓவல் மைதானத்துக்கு அருகிலுள்ள காலா கோடாவுக்கு வரச் சொல்லி, மாலையில் மரீன் டிரைவில் அனுப்பிவிடுவது என் பரிந்துரை. நேரக் கணக்கு வண்டி உங்களிடம் வந்து சேரும்போது தொடங்குகிறதா, அவர்கள் இடத்திலிருந்து கிளம்பும்போதே தொடங்குகிறதா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். கணக்கைத் தீர்க்கும்போது வரும் வாக்குவாதங்கள் பெரும்பாலும் இதைப் பற்றியவைதான்.

காலை: கிழக்குக் கரை

பாதையின் திசையைத் தீர்மானிப்பது சூரியன். துறைமுகப் பக்கம் கிழக்கு நோக்கியது. பேக் பே மேற்கும் தென்மேற்கும் நோக்கியது. காலையில் கிழக்குக் கரையிலும் மாலையில் மேற்குக் கரையிலும் இருந்தால், கன்னியாகுமரியைப் போலவே உதயத்தையும் அஸ்தமனத்தையும் ஒரே நாளில் நீருக்கு மேல் காணலாம். டிசம்பர், ஜனவரியில் மும்பையில் சூரியன் 7 மணிக்குச் சற்றுப் பிறகுதான் எழும் என்பதால் நள்ளிரவில் எழுந்து ஓட வேண்டிய கட்டாயமும் இல்லை. மாட்டுங்காவிலிருந்து 6 மணிக்கு முன்னதாக ஸ்லோ ரயிலில் ஏறினால், சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில் இறங்கி, கழிப்பறைத் தேவைகளை அங்கேயே முடித்து, 1887இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தின் முகப்பைத் தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, டாக்சியில் கேட்வேக்குப் போகப் போதிய நேரம் இருக்கும்.

கேட்வேயில் பைகளைச் சோதித்தே உள்ளே விடுவார்கள். பெரிய மூட்டைகளை எடுத்துச் செல்ல வேண்டாம். இங்கே நீங்கள் சொல்ல வேண்டிய செய்தி இரண்டே. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் 1911ஆம் ஆண்டு வருகையின் நினைவாக இந்த வளைவு திட்டமிடப்பட்டது. அவர் வந்து இறங்கியபோது கட்டடம் எழும்பியிருக்கவில்லை. ஜார்ஜ் விட்டெட் வடிவமைத்த இது 1924இல்தான் முடிந்தது. முடிந்து கால் நூற்றாண்டு ஆவதற்குள், 1948 பிப்ரவரி 28 அன்று, இந்தியாவை விட்டுச் சென்ற கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு இதே வளைவின் வழியாகத்தான் கப்பலேறியது. வரவேற்கக் கட்டிய வாயில் வழியனுப்பும் வாயிலாக மாறிய இந்தச் செய்தி, எந்த வயதினருக்கும் மனத்தில் தங்கும்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் சசூன் டாக் இருக்கிறது. 1875இல் கட்டப்பட்ட இந்த மீன்பிடித் துறையில் விடியலிலேயே ஏலம் தொடங்கிவிடும். இறால் உரிக்கும் வேலையும், கூடைகளோடு கோலிப் பெண்களின் நடமாட்டமும் காலை வரை நீடிக்கும். மீன் வாடை ஒவ்வாதவர்களை வற்புறுத்த வேண்டாம். அவர்கள் காப்பி குடித்துக்கொண்டு காத்திருக்கட்டும். ஏனையோரைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். கோலி மக்களே இத்தீவுகளின் பழங்குடிகள் என்பதால், அவர்களைக் காணாமல் இந்தக் கரையைக் கண்டதாகக் கொள்ள முடியாது. உள்ளே அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது. தரை எப்போதும் ஈரமாக வழுக்கும். செருப்பைவிட ஷூ நல்லது.

தெற்கே ஆஃப்கன் சர்ச் வரை போகலாம். முதல் ஆஃப்கன் போரில் இறந்தவர்களின் நினைவாக எழுப்பி 1858இல் அர்ப்பணிக்கப்பட்ட இத்தேவாலயத்தின் கூர்கோபுரம், அக்காலத்தில் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல்களுக்கு அடையாளமாக விளங்கியது. ஞாயிறு காலை வழிபாடு நடந்தால் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். இதற்கும் தெற்கே கடற்படைப் பகுதி. தீபகற்பத்தின் நுனி வரை பொதுமக்கள் போக முடியாது. கொலாபாவை நகரத்தோடு சேர்த்த இணைப்புச் சாலை 1838இல் முடிந்தது என்பதைத் திரும்பி வரும்போது சொல்லுங்கள். அதற்கு முன் கடல் வற்றும் நேரம் பார்த்துத்தான் மக்கள் இங்கே நடந்து வந்தார்கள்.

ஓவல் மைதானம்

ஒரே ஓர் இடத்தில்தான் நிதானமாக உட்கார்ந்து பேச நேரம் இருக்கிறது என்றால், நான் ஓவல் மைதானத்தைத் தேர்ந்தெடுப்பேன். கேட்வேயைப் போன்ற புகழ் இதற்கு இல்லை. பெரும்பாலான சுற்றுலா வண்டிகள் நிற்காமலே கடந்துவிடும். ஆனால் இந்தத் தீபகற்பம் எப்படி வளர்ந்தது என்பதைத் திரும்பி நின்றாலே காணக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

மைதானத்தின் நடுவில் கிழக்கே முகம் வைத்து நில்லுங்கள். உயர் நீதிமன்றமும், பல்கலைக்கழகமும், 1878இல் முடிந்த ராஜாபாய் கோபுரமும் வரிசையாக, கருங்கல்லிலும் மஞ்சள் கல்லிலும், விக்டோரியா காலத்துக் கோதிக் பாணியில் எழுந்து நிற்கும். 1860களில் ஃப்ரெரே ஆளுநராக இருந்தபோது பழைய கோட்டையின் மதில்களை இடித்துக் கிடைத்த வெளியில் இவற்றை எழுப்பினார்கள். இப்போது அப்படியே மேற்கே திரும்புங்கள். வளைந்த பால்கனிகளும் வெளிர்நிறச் சுவர்களுமாக, 1930களின் ஆர்ட் டெக்கோ குடியிருப்புகள் எதிர்வரிசையில் நிற்கும். இரு வரிசைக்கும் இடையில் ஒரு மைதானத்தின் அகலம்தான். ஆனால் காலத்தால் அரை நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி. கோதிக் கட்டடங்கள் எழுந்தபோது அவை கடலைப் பார்த்தே நின்றன. மேற்கு வரிசை நிற்கும் நிலம் அன்று இல்லை. பேக் பேயை நிரப்பிய பிறகு கிடைத்த நிலத்தில்தான் அந்த வீடுகளும் அவற்றுக்கு அப்பால் மரீன் டிரைவும் தோன்றின. இவ்விரு வரிசைகளையும் சேர்த்தே 2018இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பிள்ளைகளை மைதானத்தின் கிழக்கு விளிம்பிலிருந்து மேற்கு நோக்கி நடக்கச் சொல்லி, எந்த இடத்தில் பழைய கடலுக்குள் இறங்குகிறோம் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். வந்தவர்களில் பொறியியல் படித்தவர் யாராவது இருந்தால் இங்கே அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கேள்விகள் வரும். அதற்கு இடம் கொடுங்கள். பக்கத்திலுள்ள அருங்காட்சியகத்தை இந்த நாளில் சேர்க்க வேண்டாம். அதற்குத் தனியே அரை நாள் வேண்டும்.

மதிய உணவை 11:45க்கே முடித்துவிட்டால் மற்ற நேரங்கள் சிக்கலின்றி அமையும்.

பிற்பகல்: மேற்குக் கொடுக்கு

வண்டி இப்போது மரீன் டிரைவ் வழியாகவே வடக்கே போகும். நிறுத்த வேண்டாம்; மாலையில் திரும்பி வருவோம் என்று சொல்லிவிடுங்கள். கிர்காவ் சௌபாட்டியைக் கடக்கும்போது, 1920இல் லோகமான்ய திலகரின் உடல் எரியூட்டப்பட்ட கடற்கரை இது என்பதையும் அங்கே அவருக்குச் சிலை இருப்பதையும் காட்டுங்கள். வ.உ.சி.யும் பாரதியும் தலைவராகக் கொண்டவர் அல்லவா. பெரியவர்கள் கண்ணாடிக்கு வெளியே கைகூப்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

மலபார் ஹில்லின் மேற்குச் சரிவில், உயர்ந்த அடுக்குமாடிகளுக்கு நடுவே பாணகங்கா தீர்த்தம் ஒளிந்திருக்கிறது. சிலாஹார மன்னர் காலத்தில், 1127இல், அமைச்சர் லட்சுமண் பிரபு இதைக் கட்டுவித்ததாகச் சொல்லப்படுகிறது. சீதையைத் தேடிவந்த இராமன் தாகத்துக்கு அம்பெய்து நீர் வரவழைத்ததாகவும், இங்கே மணலால் லிங்கம் பிடித்து வழிபட்டதாகவும் தலபுராணம். இராமேசுவரத்தின் மணல் லிங்கத்தை அறிந்த நம்மவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் குளத்துக்கு நீர் கொடுக்கும் ஊற்று நன்னீர் ஊற்று என்பதுதான் இங்கே வியந்து நிற்க வேண்டிய செய்தி. தீர்த்தத்துக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை அல்ல என்றாலும் கைப்பிடி இல்லாதவை. முழங்கால் வலி உள்ளவர்களை மேல்படியிலேயே அமர்த்திவிடுங்கள். அங்கிருந்தும் முழுக் குளமும் தெரியும்.

பிறகு மலையுச்சியில் கமலா நேரு பூங்கா. பேக் பேயின் முழு வளைவும் காலடியில் தெரிவதால், காலையில் கொடுத்த வரைபடத் தாளை இங்கே மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். கழிப்பறைக்கும் இளைப்பாறவும் சேர்த்து அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

மகாலட்சுமி கோயிலுக்கு 3:15 மணியளவில் போய்ச் சேருங்கள். கடல் இங்கே மகாலட்சுமிக்கும் வொர்லிக்கும் இடையிலிருந்த பிளவின் வழியாக உட்புகுந்து, பைகுலா வரையிலான தாழ்நிலத்தை மூழ்கடித்துக்கொண்டிருந்தது. ஆளுநர் ஹார்ன்பி காலத்தில், 1784 வாக்கில் முடிந்த அணை அதை அடைத்தது. எழுப்பிய சுவர் மீண்டும் மீண்டும் இடிந்ததாகவும், பணியை நடத்திய பொறியாளரின் கனவில் தேவி தோன்றிச் சொன்னபடி கடலுக்குள் இருந்த சிலைகளை எடுத்த பிறகே அணை நின்றதாகவும் வழிவழியாகக் கதை உண்டு. இன்று லாலா லஜ்பத்ராய் பெயர் தாங்கிய சாலையாக நாம் பயணம் செய்வது அந்த அணையின்மேல்தான் என்பதைக் கோயிலிலிருந்து ஹாஜி அலிக்குப் போகும் வழியில் சொன்னால், கதையும் நிலமும் ஒன்றாகப் பொருந்தும்.

ஹாஜி அலியில் தலையை மறைக்க ஒரு துணியை எல்லோரும் வைத்திருக்கட்டும். உள்ளறைக்குப் பெண்கள் செல்ல இருந்த தடையை 2016இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நீக்கியது. அத்தையும் சித்தியும் தயங்காமல் உள்ளே போகலாம். கடல் ஏறத் தொடங்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை நடைபாதையில் கால் வைப்பதற்கு முன் மீண்டும் பாருங்கள். அலை பாதையின் விளிம்பைத் தொடுகிறது என்றால் கரையிலிருந்தே வணங்கித் திரும்புவதே சரி. எத்தனை தூரத்திலிருந்து வந்தவர்களானாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நடைபாதையில் குழுவின் முன்னால் ஒருவரும் கடைசியில் ஒருவரும் பொறுப்பாக வர வேண்டும். தர்காவின் முற்றத்தில் ஒருமுறை, திரும்பிக் கரையேறியதும் ஒருமுறை, தலைகளை எண்ணிவிடுங்கள்.

மாலை: மீண்டும் பேக் பே

5 மணிக்கு ஹாஜி அலியிலிருந்து கரையோரச் சாலையில் ஏறித் தெற்கே திரும்புங்கள். 2024 முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்ட இச்சாலை, மலபார் ஹில்லுக்கு அடியில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கத்தில் புகுந்து மரீன் டிரைவில் வெளிவரும். பிற்பகல் முழுவதும் சுற்றிய மலையை இப்போது சில நிமிடங்களில் அடிவழியே கடப்பது பிள்ளைகளுக்குப் பெரிய மகிழ்ச்சி. பாந்த்ரா-வொர்லி கடல் பாலத்தையும் காட்ட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்த அனுமதியில்லை. சுங்கம் கொடுத்துப் போய் வருவதற்குள் அஸ்தமனம் முடிந்துவிடும். ஆகவே இந்த நாளில் அதை விட்டுவிடுவதே என் தீர்மானம்.

மரீன் டிரைவில் எங்கே இறங்குவது என்பதிலும் கவனம் வேண்டும். வடக்குப் பகுதியில் நின்றால் மலபார் ஹில் மேற்குத் திசையை மறைக்கும்; தெற்கே, நரிமன் பாயிண்ட் பக்கம் போகப் போகச் சூரியன் கடலுக்குள் இறங்குவது தடையின்றித் தெரியும். டிசம்பரில் 6 மணியை ஒட்டியும், ஜனவரி இறுதியில் அரை மணி நேரம் தாமதமாகவும் அஸ்தமனம் நிகழும். சுவரில் உட்காரலாம், அதற்கு அப்பால் கிடக்கும் நான்குகால் சிமெண்ட் கட்டிகளின் மேல் யாரும் இறங்கக் கூடாது. பாசி படிந்த அவற்றின் இடுக்கில் விழுந்தால் வெளியே எடுப்பது கடினம். விளக்குகள் ஏற்றப்படும் வரை இருந்துவிட்டு, சர்ச்கேட்டுக்கு நடந்து, மேற்கு ரயில்வேயின் ஸ்லோ ரயிலில் மாட்டுங்கா ரோடு வரை போய்விடலாம். நடக்க இயலாதவர்களுக்கு ஒரு டாக்சி.

எலிபெண்டாவை ஏன் சேர்க்கவில்லை என்று ஊரிலிருந்து வந்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள். படகுப் பயணமே போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் ஆகும். குகைகளுக்கு ஏறும் படிகளும் அதிகம். அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள். குகைகள் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதால், ஞாயிறு இந்தச் சுற்றை முடித்தவர்களைச் செவ்வாய்க்கிழமை படகேற்றுவதே சரியாக இருக்கும்.